சூரியன் மறைந்த பிறகு பாலைவன விலங்குகளைப் படமெடுப்பது எப்படி?

கேள்வி இதுதான். ஜனவரியில் குஜராத்தின் லிட்டில் ரான் ஆஃப் கட்ச் என்ற உப்புப் பாலைவனத்துக்குப் போகிறீர்கள். கையில் ஒரு கிராப் சென்சார் (சற்றே சிறிய சென்சார் உள்ள) கேமராவும் 150-600 மி.மீ. ஜூம் லென்ஸும் இருக்கின்றன. பகலில் படம் நன்றாக வருகிறது, பொழுது சாய்ந்ததும் எல்லாம் புள்ளி புள்ளியாகக் கலங்கிப்போகிறது. புது கேமரா வாங்கலாமா, ஃபிளாஷ் எடுத்துப் போகலாமா, இல்லை அந்த நேரத்தில் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுவதுதான் சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பைக்குள் வைக்க வேண்டாம். பாலைவனத்தில் நல்ல படங்கள் கிடைக்கிற நேரமே அதுதான். நம் இலக்கணம் பாலைத்திணைக்கு நண்பகலைச் சிறுபொழுதாக வைத்திருக்கிறது. வழிநடக்கும் மனிதருக்கு அது பொருந்தும். அங்கேயே வாழும் நரிக்கும் பூனைக்கும் கழுதைப்புலிக்கும் நாள் தொடங்குவது வெயில் இறங்கிய பிறகுதான். ஆனால் பகலில் எடுத்த அதே மாதிரி படத்தை, அதாவது சட்டகம் நிறைய விலங்கு, ஒவ்வொரு முடியும் துல்லியம் என்ற படத்தை, மாலை ஆறரைக்கும் எடுக்கப் பார்த்தால் எந்தக் கேமராவும் கைவிட்டுவிடும். அப்போது வெளிச்சம் விலங்கின் மேல் இருக்காது, வானத்தில்தான் இருக்கும். அதனால் விலங்கை வானத்துக்கு முன்னால் கொண்டுவர வேண்டும். நான் சொல்லப்போகிற மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

முதலில் வெளிச்சம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்துவிடலாம். ரான் பகுதியில் ஜனவரி நடுவில் சூரியன் மறைவது 6:15 வாக்கில், சென்னையைவிடக் கால் மணி நேரம் பிந்தி. வானம் தெளிவாக இருந்தால் மறையும் கணத்தில் தரையில் சுமார் 400 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும். சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்க அங்கே ஏறத்தாழ 24 நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் மிஞ்சுவது 3 அல்லது 4 லக்ஸ். நூறு மடங்குக்கு மேல் குறைந்துவிட்டது. கேமரா கணக்கில் கிட்டத்தட்ட 7 ஸ்டாப் (வெளிச்சம் பாதியானால் ஒரு ஸ்டாப்), அதாவது மூன்றரை நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப். ஒரு செட்டிங்கை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தால் கடைசிப் படம் முதல் படத்தைவிட மூன்று ஸ்டாப் இருண்டிருக்கும்.

இதை உங்கள் லென்ஸுக்குப் பொருத்திப் பாருங்கள். 600 மி.மீ.யில் அது எஃப் 6.3 (இந்த எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது, வெளிச்சம் அதிகம்). சூரியன் மறையும்போது 1/250 நொடிக்கு ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் அளவு) 6400 சுற்றி வேண்டும். இருபது நிமிடம் கழித்து, ஷட்டரை 1/60 வரை இறக்கினாலும், ஐஎஸ்ஓ 50,000 கேட்கும். அதே வேளையில் எஃப் 2.8 லென்ஸ் ஒன்று 10,000 போதும் என்று சொல்லும். ஐந்து மடங்கு வெளிச்ச வித்தியாசம் அது. புது கேமராவுக்குச் செலவழிக்கும் முன் லென்ஸைப் பற்றி யோசியுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். 70-200 மி.மீ. எஃப் 2.8 ஒன்றை அந்த நான்கைந்து நாளுக்கு வாடகைக்கு எடுங்கள். முடியாவிட்டால் 85 மி.மீ. எஃப் 1.8 மாதிரி விலை குறைந்த லென்ஸ் ஒன்றும் அந்த நேரத்தில் 600 மி.மீ.யைவிட அதிகம் உதவும். விலங்கு சின்னதாகத் தெரியும், உண்மைதான். ஆனால் ரானில் விலங்கைச் சுற்றி இருக்கும் அந்த வெறுமைதான் படத்தின் பாதி.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். லிட்டில் ரான் தட்டையான நிலம். உப்பேறிய களிமண், மழைக்காலத்தில் நீர் நிற்கும், பிறகு காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். இந்த மாதிரித் தட்டை நிலத்தில் தொடுவானக் கோடு எப்போதும் உங்கள் லென்ஸின் உயரத்தில்தான் ஓடும். ஜீப்பில் நின்றுகொண்டு இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து எடுத்தால், இரண்டு மீட்டருக்குக் குட்டையான எதுவும் தொடுவானத்துக்கு மேலே வராது. காட்டுக் கழுதையின் தோள் உயரம் சுமார் 120 செ.மீ. அதனால் அது முழுக்க இருண்ட தரைக்குள் புதைந்து நிற்கும். பழுப்பு நிலத்தில் பழுப்பு விலங்கு, அதுவும் வெளிச்சம் போன பிறகு. ஃபோகஸுக்கும் பிடி இருக்காது, கண்ணுக்கும் இருக்காது.

அதே இடத்தில் வண்டியைவிட்டு இறங்கி (வழிகாட்டி சம்மதித்தால் மட்டும்) நெஞ்சு தரையில் பட படுத்து, லென்ஸைத் தரையிலிருந்து ஒரு சாணுக்குக் கொண்டுவந்து பாருங்கள். இப்போது கழுதையின் வயிறு, கழுத்து, காது எல்லாம் வானத்தில் நிற்கும். முப்பது செ.மீ. உயர நரிகூட முதுகிலிருந்து மேலே வானத்தில் எழும்பிவிடும். நரி 20 மீட்டரில் இருந்தாலும் 80 மீட்டரில் இருந்தாலும் இது மாறாது. தரையைவிட வானம் பல மடங்கு பிரகாசமாக இருப்பதால், விலங்கின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் தெளிவாக நிற்கும், கேமராவின் ஆட்டோ ஃபோகஸும் அந்த விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். எந்தச் செலவும் இல்லாமல் கிடைக்கும் இந்த ஒரு மாற்றம், கேமராவை மாற்றுவதைவிட அதிகம் தரும்.

வண்டியைவிட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டால் கதவை ஒட்டி எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழுங்கள். திருப்புதிரை உள்ள கேமராவை நீட்டிப் பிடித்துக் கீழே இறக்கலாம். ஜெய்சால்மர் பக்கம் போனால் கதை வேறு. அங்கே மணல்மேடுகள் உண்டு, அதனால் பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு விலங்கு மேட்டின் முகட்டுக்கு வரக் காத்திருப்பது நல்லது. அந்தப் பக்கத்துச் சாம் மணல்மேடுகளில் ஒட்டகச் சவாரியும் ஜீப் சத்தமும் அதிகம். அங்கே விலங்கு தேடிப் பயனில்லை.

அப்புறம், எந்தப் பக்கம் பார்ப்பது? மேற்கே பார்த்தால் நிழலுரு கிடைக்கும். வானத்துக்கு அளவெடுத்து எக்ஸ்போஷரை (படத்தின் ஒளியளவை) பூட்டிவிடுங்கள், விலங்கு முழுக் கறுப்பாகட்டும். நிழலுருவில் ஒரே ஒரு விதி: கால்கள் பிரிந்து தெரிய வேண்டும், தலை உடலோடு ஒட்டாமல் பக்கவாட்டில் திரும்பியிருக்க வேண்டும். கூட்டமாக நிற்கும் கழுதைகள் ஒரு கறுப்புக் கட்டியாகிவிடும். ஒன்று பிரிந்து நடக்கும் வரை பொறுத்திருங்கள்.

கிழக்கைப் பலரும் கவனிப்பதே இல்லை. சூரியன் மறைந்த சில நிமிடங்களில் கிழக்கே சாம்பல் நீலப் பட்டை ஒன்று எழும். அது பூமியின் நிழல். அதற்கு மேலே இளஞ்சிவப்பில் இன்னொரு பட்டை. அந்த நேரத்தில் மேற்கு வானம் முழுவதும் ஒரு பெரிய விளக்காக மாறி விலங்கின் முகத்தில் நிழலே விழாத மென்மையான ஒளியைப் போடுகிறது. பத்து, பன்னிரண்டு நிமிடம்தான் இருக்கும். ரோமத்தின் நிறமும் கண்ணின் ஒளியும் வேண்டுமென்றால் இதை விடாதீர்கள். நான் பொதுவாகக் கிழக்கில் தொடங்கி, நிறம் வடிந்த பிறகு மேற்குக்குத் திரும்புவேன். சில நாட்களில் சூரியன் மறைந்து கால் மணி நேரம் கழித்து மேற்கே மறுபடியும் ஒரு செம்மை ஏறும், அதற்குள் பாதிப் பேர் கேமராவை மூடியிருப்பார்கள்.

தேதி இன்னும் முடிவாகவில்லை என்றால் பௌர்ணமிக்கு முந்தின நாள் ரானில் இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். பௌர்ணமியன்று நிலா ஏறக்குறைய சூரியன் மறையும் நேரத்தில் எழும், அது கொஞ்சம் மேலே வருவதற்குள் நிலம் இருண்டுவிடும். முந்தின நாள் முக்கால் மணி நேரம் முன்பே எழுந்து, நிலத்தில் வெளிச்சம் இருக்கும்போதே கிழக்கே தாழ நிற்கும். நிலாவும் விலங்கும் ஒரே எக்ஸ்போஷரில் அடங்குவது அந்த ஒரு மாலையில்தான். முழு இருட்டில், நிலா வெளிச்சத்தில் மட்டும் எடுப்பதென்றால் எஃப் 2.8, ஐஎஸ்ஓ 6400க்குக்கூட ஒரு நொடிக்கு மேல் ஷட்டர் திறந்திருக்க வேண்டும். அசையாமல் நிற்கும் விலங்குக்கு மட்டுமே அது நடக்கும். மேலும் நிலா பிரகாசமாக இருக்கும் இரவுகளில் பாலைவன எலிகள் பலவும் வளையைவிட்டு வெளியே வரத் தயங்கும்.

கேமராவுக்குள் என்ன செய்வது என்பதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பில்) எடுங்கள். மேனுவல் மோடில் அப்பர்ச்சரை (லென்ஸின் திறப்பை) முழுக்கத் திறந்து, ஷட்டரை நீங்களே வைத்துக்கொண்டு, ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடுங்கள். வெளிச்சம் மூன்றரை நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப் இறங்கும்போது கைவிரலால் துரத்த முடியாது. கேமராவின் மீட்டர் அந்தியையும் பகல்போல வெளிச்சமாக்கப் பார்க்கும். அதனால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1 அளவில் வையுங்கள். அந்தி அந்தியாகத் தெரியட்டும். வைட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) ஆட்டோவில் விட்டால் அந்த நீலத்தையும் சிவப்பையும் சமன்செய்து சாம்பலாக்கிவிடும். டேலைட்டில் நிறுத்துங்கள்.

ஐஎஸ்ஓ எண்ணைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். புள்ளிகளை உண்டாக்குவது அந்த எண் இல்லை, சென்சாருக்குப் போதுமான வெளிச்சம் போய்ச் சேராததுதான் காரணம். ஐஎஸ்ஓ 1600லேயே நிற்க வேண்டும் என்று பிடிவாதமாக இருட்டாக எடுத்து, பிறகு கணினியில் மூன்று ஸ்டாப் தூக்கினால் 12,800ல் எடுத்ததைவிட நன்றாக வந்துவிடாது, பல கேமராக்களில் இன்னும் மோசமாகத்தான் வரும். ஷட்டரையும் அப்பர்ச்சரையும் முடிந்தவரை விட்டுக்கொடுத்த பிறகு ஐஎஸ்ஓ எங்கே போகிறதோ போகட்டும்.

ஷட்டரை எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம்? லென்ஸின் அதிர்வுக் கட்டுப்பாடு உங்கள் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், நரி தலையைத் திருப்புவதை அடக்காது. ஆனால் நரி ஓயாமல் நடப்பதும் இல்லை. நாலு எட்டு வைக்கும், நிற்கும், காதைத் தரைப்பக்கம் சாய்த்து எலியின் சத்தத்தைக் கேட்கும். அந்த நிற்கிற ஒரு நொடியில் 1/60லும் 1/30லும்கூடத் துல்லியமான படம் கிடைக்கும். எட்டுப் பத்துப் படங்களாகத் தொடர்ந்து அடியுங்கள், ஒன்றிரண்டு கூர்மையாக இருக்கும். நடக்கும்போது அழுத்துவதில் பலனில்லை. கழுதைகள் தாமாக ஓடினால் 1/20 சுற்றி வைத்துக்கொண்டு கூடவே கேமராவைத் திருப்புங்கள், பின்னணி கோடுகளாக இழுபடும், தலை ஓரளவு கூர்மையாக நிற்கும். தாமாக ஓடினால் என்று சொன்னதைக் கவனியுங்கள். சில ஓட்டுநர்கள் உங்களைச் சந்தோஷப்படுத்துவதற்காகக் கூட்டத்துக்குப் பக்கத்தில் ஜீப்பை விரட்டுவார்கள். ஏறும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்காலத்தில் மேய்ச்சல் குறைந்துகொண்டே போகும் நிலத்தில் அந்த ஓட்டம் அவற்றுக்கு வீண் செலவு, குட்டியோடு இருக்கும் தாய்க்கு அதைவிடக் கஷ்டம்.

எஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள். மெதுவான ஷட்டரில் அந்த அதிர்வு போதும் படத்தைக் கெடுக்க. பீன் பேக்கைக் காலியாகக் கொண்டுபோய் அங்கே கம்போ அரிசியோ வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள். ஜீப்பில் முக்காலியைவிட அதுதான் சௌகரியம், தரையில் படுக்கும்போதும் அதன்மேலேயே லென்ஸை வைக்கலாம். ஃபோகஸுக்கு நடுப்புள்ளி ஒன்றை மட்டும் பயன்படுத்தி விலங்கின் முதுகு விளிம்பில், அல்லது அதன் காலடியில் தரையும் புல்லும் சேரும் இடத்தில் பிடியுங்கள். இருட்டில் கண்ணைத் தேடும் வசதி தடுமாற ஆரம்பித்ததும் அதை நிறுத்திவிடலாம். கேமராவின் ஃபோகஸ் உதவி விளக்கை மட்டும் ஊரிலேயே அணைத்துவிட்டுப் போங்கள். அதை மறந்தால் முதல் அழுத்தலிலேயே நரி போய்விடும்.

ஃபிளாஷ், டார்ச் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். படக் கணக்கிலேயே அது தோற்றுப்போகும்: ரானின் காற்றில் எப்போதும் தூசி இருக்கும், ஃபிளாஷ் அதில் பட்டு வெள்ளைப் பொட்டுகளாகத் திரும்பும். நரி, பூனை, கழுதைப்புலி, பக்கிப் பறவை ஆகியவற்றின் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் அடுக்கு உண்டு, அதனால் படத்தில் கண்கள் இரண்டு விளக்குகளாக எரியும். பின்னால் இருக்கும் நிலமும் வானமும் கறுத்துப்போய், எங்கே எடுத்தீர்கள் என்பதே தெரியாது. விலங்கின் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னும் மோசம். இருளுக்குப் பழகிய கண்ணில் வெள்ளை ஒளி பாய்ந்தால் கொஞ்ச நேரத்துக்கு எதுவும் சரியாகத் தெரியாது. அந்த நேரத்தில்தான் அது இரை தேட வேண்டும், தன்னைத் தேடி வரும் ஓநாயையும் பார்க்க வேண்டும். ஒரு படத்துக்காக அதன் பார்வையைப் பறிக்க நமக்கு உரிமை இல்லை. உங்கள் தேவைக்கு மங்கலான சிவப்புத் தலைவிளக்கு ஒன்று போதும், அதுவும் தரையைப் பார்த்தபடி.

சட்டமும் இருக்கிறது. ரானில் பெரும்பகுதி காட்டுக் கழுதை சரணாலயம், 4,954 சதுர கி.மீ. பரப்பு. உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் விலங்கைச் சீண்டுவதே குற்றம். பொழுது இருட்டும் முன் வண்டிகள் வெளியேற வேண்டும், நேரத்தை வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இதைத் தடையாக நினைக்க வேண்டாம். காட்டுக் கழுதைகள் பகலெல்லாம் ரானில் நின்றுவிட்டு, அந்தி சாயும்போது ஓரத்து வயல்களை நோக்கி மேய வரும், விடியலில் திரும்பிப் போகும். தசாடா, ஜைனாபாத் போன்ற ஊர்களின் ஓரத்தில் காத்திருந்தால் அவை உங்களை நோக்கி நடந்து வரும். பஜானா பக்கத்து நீர்நிலைகளில் பூநாரைகளும், ராஜஸ்தானில் குர்ஜா என்று அழைக்கப்படும் டெமோசெல் கொக்குகளும் அடைய வரும் நேரமும் அதுவே. ஆழமில்லாத நீர் மேற்கு வானத்தை அப்படியே வாங்கிக்கொள்வதால் தரையைவிட அங்கே இன்னும் ஐந்து, பத்து நிமிடம் கூடுதலாக எடுக்கலாம்.

நரிகளைத் தேடுவதென்றால் பேட் என்று அங்கே சொல்லும் மேட்டுத் திட்டுகளின் ஓரம். சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும், நமக்குப் பழகிய அதே முள்தான். வெள்ளைக் கால் கொண்ட பாலைவன நரியும், வால் நுனி கறுத்த குள்ளநரியும் வளையைவிட்டு வெளியே வந்து சோம்பல் முறிப்பது சூரியன் மறைவதற்குச் சற்று முன்னால். குட்டி போடும் காலம் ஜனவரியிலிருந்து தொடங்குகிறது. வளையைக் கண்டுபிடித்தால் தூரத்திலேயே நில்லுங்கள். தாய் உங்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால், அல்லது திரும்பத் திரும்பக் குரைத்தால், நீங்கள் நிற்கும் இடம் அதற்கு மிக அருகில் என்று அர்த்தம். அந்த வளையின் இடத்தைப் படத்தோடு சேர்த்து யாருக்கும் அனுப்பாதீர்கள், படத்தில் பதிவாகும் ஜிபிஎஸ் விவரத்தையும் அழித்துவிடுங்கள். முதல் மாலை படம் எடுக்காமல் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, எந்தப் பாதையில் நடக்கிறது என்று தெரிந்துகொண்டு, மறுநாள் காற்று உங்கள் பக்கம் வீசும் இடத்தில் முன்கூட்டியே படுத்துக் கிடந்தால் அதுவே நெருங்கி வரும். நெருங்கிப் போனதில் கிடைத்த படத்தையும் அது தானாக வந்ததில் கிடைத்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், காதும் முதுகும் வேறுபாட்டைச் சொல்லிவிடும்.

தரையில் படுக்கும் முன் சிவப்பு விளக்கால் சுற்றிப் பார்த்துவிடுங்கள். சுருட்டை விரியனும் தேளும் இந்த நிலத்துக்காரர்கள். ஜனவரிக் குளிரில் வெளியே வருவது குறைவு, மார்ச் தாண்டிப் போனால் இன்னும் கவனம் வேண்டும். உப்பளங்களின் வரப்பில் நடக்காதீர்கள், உப்பு விளைவிக்கும் அகரியா குடும்பங்கள் மாதக்கணக்கில் அங்கேயே தங்கிக் கட்டிய வரப்புகள் அவை.

குளிரைக் குறைவாக எடைபோடாதீர்கள். திறந்த ஜீப்பில் பொழுது சாய்ந்ததும் வெப்பநிலை சட்டென்று இறங்கும். பேட்டரியை உள்சட்டைப் பையில் வைத்திருங்கள். அறைக்குத் திரும்பியதும் கேமராவை உடனே வெளியே எடுக்காமல், பையை மூடியபடியே ஒரு மணி நேரம் விட்டுவிட்டால் லென்ஸில் நீர் பூக்காது. உப்புத் தூசி பொல்லாதது, லென்ஸ் மாற்றுவதை வெளியில் செய்யவே வேண்டாம். 70-200ஐ நாலரை மணிக்கே மாட்டிவிடுங்கள்.

ஊருக்கு வந்து படங்களைத் திறக்கும்போது புள்ளி நீக்குவதை முதல் வேலையாக ரா கோப்பிலேயே செய்யுங்கள். லைட்ரூமில் 2023 ஏப்ரலில் வந்த டீநாய்ஸ் வசதி, டிஎக்ஸ்ஓ மென்பொருளின் டீப்பிரைம் இரண்டுமே உங்கள் கேமராவின் 12,800ஐத் தாங்கும். அளவை முழுக்க ஏற்றாதீர்கள். மீசை முடியையும் காது விளிம்பையும் நூறு சதவீதத்தில் பெரிதாக்கிப் பாருங்கள், இல்லாத ரோமத்தை மென்பொருள் வரைந்திருந்தால் அங்கேதான் தெரியும். நிழல்களைத் தூக்கித் தூக்கி அந்தியைப் பிற்பகலாக்குவதுதான் இந்தப் படங்களைப் பெரும்பாலும் கெடுக்கிறது. தரை கறுப்பாகவே இருக்கட்டும், வானத்தின் நிறம் வெளுக்காமல் இருந்தால் போதும்.

கடைசியாக, புறப்படும் முன் ஊரிலேயே ஒரு வேலை. வாடகை லென்ஸை ஒரு நாள் முன்னதாக வாங்கி, மாலையில் கடற்கரைக்கோ ஏரிக்கரைக்கோ போய், சூரியன் மறைந்ததிலிருந்து அரை மணி நேரம் தெருநாயையும் கொக்கையும் படுத்துக்கொண்டு எடுத்துப் பாருங்கள். உங்கள் கேமரா எந்த நிமிடத்தில் ஃபோகஸை இழக்கிறது, எந்த ஐஎஸ்ஓ வரை உங்களுக்குச் சம்மதம் என்பது அதிலேயே தெரிந்துவிடும். அந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு ரானுக்குப் போங்கள்.